புல்லட் என்ஜினை விமானத்தில் மாட்டலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். ஒற்றை ஆள் உட்காரும் அல்ட்ராலைட் என்னும் மிக இலேசான விமானத்தின் வரைபடத்தை விலைக்கு வாங்கி, அலுமினியக் குழாயில் கூட்டையும் ஒரு பக்க இறக்கையையும் முடித்துவிட்டார். வீட்டில் சும்மா கிடக்கும் புல்லட் 350 என்ஜினை மாட்டலாமா, பழைய மாருதி 800 என்ஜின் தேடலாமா, சின்ன விமானங்களுக்கென்றே வரும் ரோட்டாக்ஸ் என்ஜின்தான் வாங்க வேண்டுமா, மாட்டும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒரு வரி: லைசென்ஸே தேவையில்லை என்று வீடியோவில் சொல்கிறார்களே, நிஜமா?

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வீடியோக்கள் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே 1982-ல் வந்த 103-ஆம் பகுதி விதிப்படி, ஒற்றை இருக்கை, வெறும் எடை 254 பவுண்டுக்குக் கீழே (நம் கணக்கில் 115 கிலோ), 5 காலன் பெட்ரோல், மட்டமாகப் பறந்தால் மணிக்கு 102 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்றால் லைசென்ஸும் பதிவும் கேட்க மாட்டார்கள். அது அந்த ஊர் சலுகை. இந்தியாவில் எவ்வளவு சின்ன விமானமாக இருந்தாலும் டிஜிசிஏ என்னும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவு வேண்டும், விடி என்று தொடங்கும் எண் வேண்டும், பறக்க அனுமதி வேண்டும், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். மும்பையில் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டிய அமோல் யாதவ், பதிவு எண் வாங்க 2017 வரை அலைந்தார். உங்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. உங்கள் தோட்டத்திலிருந்து சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் எட்டிப்பிடிக்கும் தூரம். 'வயலுக்கு மேலேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்பது அங்கே நடக்காது. கூட்டின் மேல் துணி போர்த்துவதற்கு முன்பே டிஜிசிஏ-வுக்கு எழுதிப் போடுங்கள். உள்ளே இருக்கும் ஒட்டையும் ரிவெட்டையும் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

சரி, என்ஜினுக்கு வருவோம். புல்லட் வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். இல்லையென்றால் கிழவன் பயமுறுத்துகிறான் என்று நினைப்பீர்கள்.

உங்கள் விமானம், நீங்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கம்பியும் முட்டுக்குழாயுமாக இருக்கும் இந்த வகையில், ஏழு கிலோ எடையைத் தூக்கினால் ஒரு கிலோ இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, வரும். மணிக்கு 72 கிலோமீட்டரில் அந்த இழுவையைத் தள்ளிக்கொண்டு மட்டமாகப் போகவே ஏறத்தாழ 9 குதிரைசக்தி வேண்டும். நொடிக்கு இரண்டரை மீட்டர் ஏற வேண்டுமானால் இன்னும் 8. ஆக 17. இது புரொப்பெல்லர் காற்றுக்குக் கொடுக்கிற சக்தி. இந்த வேகத்தில் புரொப்பெல்லர், தான் வாங்குவதில் பாதிக்குச் சற்று மேல்தான் உருப்படியாகத் திருப்பிக் கொடுக்கும். அப்படியானால் என்ஜின் 30-க்கு மேல் தர வேண்டும். புல்லட் 350 தருவது 20. அதில் 11 காற்றுக்குப் போகும். ஏப்ரல் மாதம் பாலக்காட்டு வெயிலில், 40 டிகிரியில், காற்று அடர்த்தி குறைந்து அந்தப் பதினொன்றிலும் ஒன்று கழிந்துவிடும். மீதி பத்து. ஓடுபாதையில் ஜோராக ஓடும், தரையை விட்டு ஒரு ஆள் உயரம் எழும்பும், அதற்கு மேல் ஏறாது. எதிரே தென்னந்தோப்பு.

இன்னொன்று, பைக் என்ஜின் முழு சக்தியில் ஓடுவது ஓவர்டேக் பண்ணும் சில நொடிகள்தான். ரோட்டில் 60-ல் போகும்போது அதில் பாதி சக்திகூடச் செலவாகாது. விமானத்திலோ ஏறும் ஐந்து நிமிடமும் முழு த்ராட்டில், பிறகும் முக்கால் த்ராட்டில். காற்றில் ஆறும் ஒற்றை சிலிண்டருக்கு அது பெரிய தண்டனை. அதோடு ஒற்றை சிலிண்டர் சீராகச் சுற்றாது, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதை. கனமான புரொப்பெல்லரை அதோடு கோத்தால் அந்த உதை பெல்ட்டையும் கியர் பல்லையும் தின்றுவிடும்.

மாருதி 800 விஷயம் வேறு. 796 சிசி, மூன்று சிலிண்டர், நிமிடத்துக்கு 5000 சுற்றில் 37 குதிரைசக்தி. சக்தி போதும். சுசுகியின் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் என்ஜினை வெளிநாட்டில் வீட்டு விமானங்களில் மாட்டிப் பறந்தும் இருக்கிறார்கள். தடை எடைதான். ரேடியேட்டர், தண்ணீர், பேட்டரி, ஸ்டார்ட்டர், வேகம் குறைக்கும் பெல்ட் செட் எல்லாவற்றையும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள், உங்கள் வரைபடக்காரர் நினைத்த எடையைத் தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகும்? வரைபடத்தில் எழுதியதைவிட என்ஜின் 15 கிலோ கூடுதல், அது எடைமையத்துக்கு (மொத்த எடையும் சமன்படும் புள்ளிக்கு) 1.2 மீட்டர் முன்னால் உட்காருகிறது என்றால், 265 கிலோ விமானத்தின் எடைமையம் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் முன்னால் நகரும். ஒன்றரை மீட்டர் அகல இறக்கையில் எடைமையம் நகர உங்களுக்கு இருக்கும் இடமே மொத்தம் 12 சென்டிமீட்டர் அளவுதான். பாதிக்கு மேல் என்ஜினே தின்றுவிட்டது. இறங்கும்போது வேகம் குறையக் குறைய, ஓட்டும் குச்சியை வயிறு வரை இழுத்தாலும் மூக்கு தூக்காது. வாலில் ஈயக்கட்டி கட்டிச் சரிசெய்யலாம் என்று ஒரு யோசனை வரும், எல்லோருக்கும் வரும். மொத்த எடை இன்னும் ஏறும், இருக்கிற சக்தியும் போதாமல் போகும். அதனால்தான் சொல்கிறேன், என்ஜின் என்பது கடைசியில் வாங்கி மாட்டுகிற சாமான் இல்லை. வரைபடம் வரைந்தவர் எந்த என்ஜினை மனதில் வைத்தாரோ அதைச் சுற்றித்தான் மீதி எல்லாவற்றையும் வரைந்திருப்பார். முதலில் அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் ரோட்டாக்ஸ் 447 அல்லது 503 என்று இருக்கும்.

ரோட்டாக்ஸ் ஆஸ்திரியா நாட்டுக் கம்பெனி. 447 என்பது 40 குதிரைசக்தி, 503 என்பது 50. இரண்டும் காற்றில் ஆறும் இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். 582-க்குத் தண்ணீர் வேண்டும், 64 தரும். 912 நாலு ஸ்ட்ரோக், 80-லிருந்து தொடங்கும், எடை 60 கிலோ பக்கம், விலையில் ஒரு நல்ல காரே வாங்கிவிடலாம். உங்கள் அளவுக்கு 447 அல்லது 503 போதும். புதிது கிடைக்காது, பழையதுதான். பழையது வாங்கினால் எத்தனை மணி ஓடியது என்று விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள். 300 மணி நேரத்தில் முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டிய என்ஜின் அது. கிராங்க் பேரிங்கையும் சீலையும் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ் 100 ஓட்டிய தலைமுறைக்கு டூ ஸ்ட்ரோக்கைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெட்ரோலோடு டூ-டி ஆயில், நன்றாக ஓடும், ஒருநாள் பிஸ்டன் சொல்லாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ரோட்டாக்ஸ்காரர்களே தங்கள் கையேட்டின் முதல் பக்கங்களில் இந்த என்ஜின் திடீரென நிற்கக்கூடியது, அதை மனதில் வைத்துப் பறங்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். என்ஜின் விற்கிறவனே இப்படிச் சொன்னால் நாம் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. நிற்காத என்ஜின் எது என்று தேடுவதைவிட, நின்றால் நான் எங்கே இருப்பேன் என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், என் கையால் செய்த தப்பு ஒன்று உண்டு. விமானப்படையில் என்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, தெரிந்தவர் ஒருவரின் இரட்டை சிலிண்டர் விமானத்தை நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். புகைக்குழாய் வெப்பமானி இரண்டு உண்டு, சிலிண்டருக்கு ஒன்று. இரண்டு நாளாகப் பின் சிலிண்டர் 40 டிகிரி கூடுதலாகக் காட்டியது. மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். இரண்டு மீட்டரையும் மாற்றி மாட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், செய்யவில்லை. மூன்றாம் நாள் காலை, தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில், பின் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. ஓட்டியவர் கெட்டிக்காரர், அந்த நொடியே மூக்கைக் கீழே தள்ளி அறுவடை முடிந்த வயலில் இறக்கினார். வரப்பில் சக்கரம் முட்டி முன்சக்கரக் கால் மடங்கியது, ஆளுக்குச் சிராய்ப்பு. பிரித்துப் பார்த்தால் கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழலின் அடிப்பக்கத்தில் முடி அளவு வெடிப்பு. அதன் வழியே காற்று உள்ளே போய், பெட்ரோல் மெலிந்து, சூடேறி, பிஸ்டன் போய்விட்டது. கூடவே ஆயிலும் பெட்ரோலில்தானே வருகிறது. பெட்ரோல் மெலிந்தால் மசகும் மெலியும். அந்த ரப்பரின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

அதனால் காற்றில் ஆறும் 503 என்றால், இரண்டு சிலிண்டருக்கும் பிளக் அடி வெப்பமானி, புகைக்குழாய் வெப்பமானி இரண்டையும் கட்டாயம் போடுங்கள். பிளக் அடியில் 250 டிகிரி, புகையில் 650 டிகிரி, இவை எல்லைகள். அன்றாடம் அதற்கு நன்றாகக் கீழே ஓட வேண்டும். எண்ணைவிட முக்கியம் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி மாட்டுவது. கூட்டுக் குழாயைப் பற்றி முதலில் ஒரு சந்தேகம். கோவைக் கடைகளில் ஜன்னல் பிரேமுக்கு வரும் குழாய் 6063 ரகம், விமான வரைபடம் கேட்பது 6061-டி6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வளைந்து நிலைக்கிற அழுத்தத்தில் ஜன்னல் குழாய் நன்றாகக் கீழே. சோதனைச் சான்றிதழோடு வாங்கினீர்களா? இல்லையென்றால் ஒரு துண்டை அறுத்துக் கோவையில் ஏதாவது சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்துவிடுங்கள். என்ஜின் தாங்கும் சட்டம் மட்டும் குரோமோலி எஃகுக் குழாய், டிக் வெல்டிங். வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அந்த ஒட்டு முழுவதையும் சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புங்கள்.

சட்டத்துக்கும் என்ஜினுக்கும் நடுவில் ரப்பர் தாங்கிகள் வரும். அவை சரியான கடினத்தில் இல்லையென்றால் குறைந்த சுற்றில் என்ஜின் ஆடுகிற ஆட்டத்தில் புகைக்குழாய் வெடிக்கும். லாரிக் கடையில் கிடைக்கும் புஷ் வேண்டாம். போல்ட்டில் முழு நீளமும் மரை இருப்பதை வாங்காதீர்கள். இரண்டு தகடு உரசி வெட்டுகிற இடத்தில் வழுவழுப்பான தண்டு இருக்க வேண்டும், மரை அங்கே வந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரு தடவை கழற்றிய நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ளது) மறுபடி போடுவதும் கஞ்சத்தனத்தில் சேர்த்திதான். உங்களுடையது பின்னால் தள்ளும் வகை என்றால் இன்னும் ஒரு ஜாக்கிரதை: என்ஜினிலிருந்து கழன்று விழும் எதுவும் புரொப்பெல்லர் வழியாகத்தான் போகும். சைலன்சர் ஸ்பிரிங்குகளைக் கம்பியால் கோத்துக் கட்டி, உள்ளே சூடு தாங்கும் சிலிக்கோன் பசையைப் பிதுக்கி விடுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங் அதிர்ந்து அறாது.

என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. வீட்டு லைட் மாதிரி ஒயர் அறுந்தால் அணையும் என்று நினைக்காதீர்கள். இதில் ஒயரை உடலோடு சேர்த்தால்தான் என்ஜின் நிற்கும். ஒயர் அறுந்திருந்தால் சுவிட்சை அணைத்தாலும் என்ஜின் உயிரோடுதான் இருக்கும். புரொப்பெல்லரைக் கையால் தொடும் ஒவ்வொரு முறையும் அது ஸ்டார்ட் ஆகும் என்றே எண்ணித் தொடுங்கள். பக்கத்தில் லுங்கியும் துண்டும் வேண்டாம்.

கியர்பாக்ஸ் ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். 1.6 மீட்டர் புரொப்பெல்லரை 6500 சுற்றில் நேராகச் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 540 மீட்டருக்கு மேல் போகும். ஒலியின் வேகமே 345 பக்கம்தான். சத்தம் வரும், உந்துவிசை வராது. 2.58 விகிதக் கியர்பாக்ஸ் போட்டால் 2500 சுற்று, நுனி 210 மீட்டர். ரைட் சகோதரர்கள் 1903-ல் 12 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு பறந்ததற்கு, சைக்கிள் கடைக்காரர்கள் செயின் போட்டு வேகத்தைக் குறைத்து இரண்டு பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றியதும் ஒரு காரணம்.

மரப் புரொப்பெல்லர் போடுவதானால் நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. ஜூனில் மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஈரம். டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வரும் காற்று உதட்டை வெடிக்கவைக்கும் வறட்சி. மரம் மழையில் ஊதும், அந்த வறண்ட காற்றில் சுருங்கும். ஜூனில் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கிய போல்ட் ஜனவரியில் தளர்ந்திருக்கும். புதிதாக மாட்டினால் முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் ஒருமுறை, அப்புறம் காற்று திசை மாறும்போதெல்லாம் ஒருமுறை.

பெட்ரோலில்தான் இன்று பெரிய தலைவலி. பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸ் தன் 912 வகைக்கே 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கிறது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைப் பிசுபிசுக்க வைக்கும், சில ஃபைபர் டேங்கின் பிசினைக் கரைக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கீழே தண்ணீராகப் பிரியும். வெயிலில் ஹோஸுக்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை நிறுத்தும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி பெட்ரோல், குலுக்கி வையுங்கள். அடியில் தண்ணீர் மட்டம் பத்திலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறதோ அது எத்தனால். இந்தத் தண்ணீர் வித்தையாலேயே எத்தனாலைக் கழுவி எடுத்துவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். ஆக்டேனும் கூடவே போய்விடும், செய்யாதீர்கள். விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸை இந்தியன் ஆயில் 2022-லிருந்து இங்கேயே தயாரிக்கிறது. பறக்கும் சங்கம் எதிலாவது சேர்ந்தால் அது கிடைக்க வழி உண்டு. ஈயம் கலந்தது, பிளக் சீக்கிரம் அழுக்காகும், ஆனால் எத்தனாலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

டேங்க் மாட்டியதும் முதல் சோதனை ஒரு பக்கெட்டும் கடிகாரமும்தான். விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி ஒரு நிமிடம் பிடியுங்கள். முழு த்ராட்டிலில் மணிக்கு 24 லிட்டர் குடிக்கும் என்ஜின் என்றால், தானாக இறங்கும் டேங்குக்கு அதில் ஒன்றரை மடங்கு ஓட வேண்டும். நிமிடத்துக்கு 600 மில்லி. டேங்கில் கடைசி இரண்டு லிட்டர் இருக்கும்போதும் இந்த அளவு வர வேண்டும். வராவிட்டால் மூடியின் காற்றுத் துளையைத்தான் முதலில் பாருங்கள். நான் பார்த்த இடங்களில் பாதி குற்றம் அங்கேதான் இருந்தது.

பிறகு வாலைத் தென்னை மரத்தில் கட்டி ஓடவிடுவது. நடுவில் ஒரு தொங்குதராசு மாட்டினால் எத்தனை கிலோ இழுக்கிறது என்றும் தெரியும். 503 சரியாக இருந்தால் நூறு கிலோவுக்கு மேல் காட்டும். மரத்தில் கட்டியே பத்து மணி நேரம் ஓட்டுங்கள், தோட்டத்து ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

எங்கே பறப்பது? தொடுபுழாவைச் சேர்ந்த சஜி தாமஸ், பேசவும் கேட்கவும் இயலாதவர், கையால் கட்டிய தன் அல்ட்ராலைட்டை 2014-ல் பறக்கவைத்தது கேரளத்தில் இல்லை. மலையைத் தாண்டி அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறுக்குக் கொண்டுவந்தார். இடமும் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் துணையும் அங்கே இருந்தன. உங்களுக்கும் அதையே சொல்வேன். கஞ்சிக்கோட்டில் காற்றாலை எதற்கு வைத்தார்கள் என்று யோசித்தால் போதும், ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாயில், வேகம் 45 கிலோமீட்டருக்குக் கீழே போனாலே விழுந்துவிடுகிற விமானத்தை வெளியே எடுக்கக் கூடாது. அடுத்தது தென்னை. நூறு மீட்டர் உயரத்தில் என்ஜின் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது 700 மீட்டர் தூரம், எதிர்க்காற்றில் அதுவும் குறையும். திரும்பி ஓடுபாதைக்கு வர முடியாது, நேரே எதிரில் இருப்பதில்தான் இறங்க வேண்டும். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மேட்டு நிலம் கொஞ்சம் திறந்து கிடக்கிறது. சித்தூர்ப் பக்கம் பார்த்தால் கள் இறக்கும் தோப்புகள்தான் வரிசையாக. இரண்டாம் போகம் அறுத்த பிறகு, பிப்ரவரி முடிவில், வயல் காய்ந்து கிடக்கும். வரப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று நடந்தே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வரப்போடு ஒட்டித்தான் இறங்க வேண்டும், குறுக்கே இறங்கினால் எங்கள் கதைதான்.

இப்போதைக்கு என்ஜின் தேடுவதை நிறுத்திவிட்டு, முடிந்தவரை கட்டியதை எடை போடுங்கள். மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வேண்டும், ஒரே நேரத்தில். என்னிடம் இருக்கிறது. வேலந்தாவளம் வரை நான் கொண்டுவந்து விடுகிறேன், துணி மட்டும் அதற்குள் போர்த்திவிடாதீர்கள்.